கண்ணை மட்டும் காட்டு

எங்கள் வேனில் யாருக்கும் பழைய நடிகர்களின் சொந்தப் பெயர் வாயில் வராது. ஒற்றைப் புருவத்தைத் தூக்கியே முப்பது வருடம் காலத்தை ஓட்டிய கதாநாயகன் 'புருவம்'. எந்தப் படமானாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டாவது பாடிவிடுகிற கதாநாயகி 'ஜன்னல் ராணி'. சாகும் காட்சியில்கூடக் கையுறையைக் கழற்றாத வில்லன் 'கையுறை'. முதல் காட்சியிலேயே இருமத் தொடங்கி இடைவேளைக்குள் செத்துப்போகிற அம்மா நடிகை 'இருமல் அம்மா'. சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். பதினோரு பேருக்கும் இதுதான் பேச்சு. கலர் படத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "வண்டிய நிறுத்தவா, இறங்கிக்கறியா?" என்பார் மாமா.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வேன் அவருடையது, ஓட்டுவதும் அவரே. மற்றவர்களுக்கு அண்ணன். நாற்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு நான் 'பாப்பா'தான். அந்த உரிமையில் முன்சீட்டு என்னுடையது.

அவருக்காகவே ஒரு விளையாட்டு உண்டு. பின்சீட்டில் யாராவது ஒரு பழைய படத்தைச் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கி, கண்ணை மட்டும் தெரிகிற மாதிரி வைப்பார்கள். போன் கைமாறிக் கைமாறி என்னிடம் வரும். சிக்னலில் வண்டி நின்றதும் அதை நான் மாமாவுக்கு நேரே பிடிக்க வேண்டும். அரை நொடியில் ஆளைச் சொல்லிவிடுவார். கண் கூட வேண்டாம், காதுமடல் போதும். ஸ்டோர் கிளார்க் ஒருத்தன் இருக்கிறான், வாயைத் திறந்தால் அளப்பு, அவனுக்கு 'ரீல்' என்றே பெயர். அவன் ஒரு தடவை புருவத்துக்கு டூப் போட்டவனின் படத்தைக் காட்டி மாமாவை ஏமாற்றப் பார்த்தான். "இவன் குதிரைச் சண்டையில விழறவன்டா" என்றார் மாமா. பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை, இருமல் அம்மாவின் முழு முகத்தையும் பார்த்து, "ஜன்னல் ராணி" என்றார்.

வேனே குலுங்கியது. "அம்மாவைப் போய் ஜோடியாக்கிட்டீங்களே அண்ணே!" என்று ரீல் தலையில் அடித்துக்கொண்டான். "ராத்திரி சரியா தூங்கலடா" என்று மாமாவும் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மறுநாள், "எந்தப் படம்னு ஒரு க்ளூ குடு பாப்பா" என்று கேட்டார். மாமா க்ளூ கேட்டு நான் பார்த்ததே இல்லை.

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்து, விட்டுப்போன தையல், இழுத்த நூல், காலர் கோணல் எதுவானாலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான். கண்ணில் ஒரு குறை பட்டுவிட்டால் பிறகு அந்தச் சட்டையில் அது ஒன்றுதான் தெரியும். மாமா விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. பச்சை விழுந்த பிறகும் வண்டி நின்றது, பின்னால் ஹாரன் அடித்த பிறகே கிளப்பினார். ரோட்டைப் பார்க்கும்போது தலையைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். என் போனிலேயே அக்காவின் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டுடியோவில் எடுத்த படம், அவர் வீட்டு ஹாலில் இருபத்திரண்டு வருடமாக மாட்டியிருக்கிற அதே படம். கண்ணை மட்டும் என்று சுருக்கக்கூட இல்லை. சிக்னல் வந்தது.

"சொல்லுங்க மாமா."

அவர் போனைப் பார்த்தார். போன் இருந்த பக்கம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஜன்னல் ராணி" என்றார் நிதானமாக.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ரீல், "அண்ணே, இது நம்ம அண்ணி!" என்று கத்தினான். மாமா ஒரு நொடி திகைத்துப்போனார். பிறகு, "எனக்கு அவ ஜன்னல் ராணிதான். உங்களுக்கு என்னடா வலிக்குது?" என்றார். வேன் முழுக்கக் கைதட்டல், விசில். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறமும் இப்படி ஒரு மனுஷனா என்று பின்சீட்டுப் பெண்கள் உருகிவிட்டார்கள். நான் போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு வேனில் நானும் அவரும்தான். என் வீடு அவர் வீட்டுக்கு அடுத்த தெரு.

"எத்தனை நாளா மாமா?"

"எது?"

"அக்கா முகமே உங்களுக்குத் தெரியல."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். "மூணு மாசமா. நடுவுல ஒரு கறுப்புத் திட்டு. யாரை நேரா பாத்தாலும் அவங்க மூஞ்சி மேல போய் உக்காந்துக்குது. ஓரமெல்லாம் நல்லாவே தெரியுது பாப்பா. முகம்தானே தெரியல, ரோடு தெரியுதே."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். ஓட்டக் கூடாதுன்னாரு. அதான் மறுபடி போகல."

சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. "ரோட்டுல நடக்கறவங்களுக்கு முகம் இல்லையா மாமா?"

"பெரிய பொண்ணுக்குக் காலேஜ்ல இன்னும் ஒரே ஒரு செமஸ்டர். அது முடியட்டும், சாவிய உங்கிட்டயே குடுத்துடறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பெரியவள் எனக்கும் பெண் மாதிரிதான், என் இடுப்பிலேயே வளர்ந்தவள்.

வியாழக்கிழமை கையுறை செத்த காட்சி பெரிதா, புருவம் அழுத காட்சி பெரிதா என்று வேனில் ஒரே ரகளை. என் காதில் எதுவும் விழவில்லை. "மாமா, சைக்கிள்." "மாமா, சிவப்பு." "மாமா, மெதுவா, மேடு." வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். "அந்தப் பக்கமும் ஒரு ஸ்டியரிங் மாட்டிக் குடுத்துடுங்கண்ணே, முன்சீட்டு அக்கா தொல்லை தாங்கல" என்றான் ரீல். எல்லாரும் சிரித்தார்கள். வேலையிலும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்திருந்த சட்டைக்கு 'சரி' ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் குடையோடு ரோட்டைக் கடந்தாள். ஓரத்தில் இல்லை, சரியாக வண்டிக்கு நடுவில். "மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் பிரேக் விழுந்தது. பின்னால் பத்து பேரும் அவரவர் முன்னாலிருந்த சீட்டில் முட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் முன்பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனாள். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்தது. ரீல் நெற்றியைத் தடவிக்கொண்டே, "என்ன அண்ணே, க்ளைமாக்ஸா?" என்றான். அந்தப் பெண் போன பக்கம் மாமா தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் தேடியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அன்று இரவு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது, மாமா உள்ளே ஏறிவிட்டிருந்தார். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"யாரும்மா அது? கொஞ்சம் வழி விடும்மா, வேலைக்குப் போற வண்டி."

அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"நான்தான் மாமா."

இஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து, என் கையைத் தேடிப் பிடித்துச் சாவியை வைத்தார். நான் ரீலுக்குப் போன் செய்து, வண்டி ரிப்பேர், இன்றைக்கு எல்லாரும் பஸ்ஸில் போய்க்கொள்ளுங்கள் என்றேன்.

"வண்டி விஷயத்தை உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்றார் மாமா. "அவ முகம் தெரியலங்கறத மட்டும் சொல்லாதே."

அதற்குள் அக்காவே வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டியைப் பார்த்தாள், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம்தான். மூணு மாசமா நான் எதையாவது பேசிக்கிட்டேதான் வீட்டுக்குள்ள நுழையறேன். பேசாம வந்தா யாருன்னு தேடறாரு." மாமா அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றார். அக்கா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தெரிஞ்சுக்கிட்டேவா வண்டிய எடுக்க விட்டே? பதினோரு பேரை வச்சுக்கிட்டு! நேத்து ஒருத்தி மயிரிழையில தப்பிச்சா!"

"கத்தாதே. உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"வியாழக்கிழமை ஏறினியா?"

"ஏறினேன்."

"வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கும்தான்."

"எனக்காவது பொண்ணோட படிப்புன்னு ஒரு சாக்கு இருக்கு" என்றாள் அக்கா. "நீ முன்சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே போனே. பின்னால பத்து பேரு சிரிச்சுக்கிட்டு வந்தாங்களே, அவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா? இப்பவாவது?"

வண்டி ரிப்பேர் என்றுதான் ரீலிடம் சொல்லியிருந்தேன்.