ஈரத் துணியின் எடை

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குத் தராசு என்று பெயர். ரத்தத்தில் நனைந்த காஸ் துணிகளை எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. உரக்கச் சொல்லச் சொல்வார்கள். அவளுக்குக் குரல் எழும்பாது, பலகையில் எழுதிவிடுவாள்.

அவளுடைய சின்னண்ணனுக்குச் சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கால்கள் மரத்துக்கொண்டே வந்தன. அந்த மாதிரிக் கட்டியைத் தொட்டாலே ரத்தம் கொட்டும். அதனால் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே திங்கட்கிழமை தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை அடைத்தார்கள். மறுநாளே கட்டியை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தம் வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்று சர்ஜன் தெளிவாகச் சொன்னார்.

வெளியூரில் இருந்த பெரியண்ணன் போனில் ஒரேயடியாக மறுத்தார். "நான் வராம என் தம்பி மேல யாரும் கத்தி வைக்கக் கூடாது. வியாழக்கிழமை வந்துடுவேன்."

சின்னண்ணன் சம்மதப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டான். அப்பா போனபின் அவனைப் படிக்க வைத்தவர் அவர். அவர் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

சர்ஜன் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். கடைசியில் அவள் பக்கம் திரும்பி, நீயாவது எடுத்துச் சொல்லேன் என்றார். அவள் போனை வாங்கினாள்.

"அண்ணா, நாளைக்கே பண்ணினாத்தான்..."

"துணி எடை போடறவ எனக்குப் பாடம் எடுக்கறியா? போனை அவன்கிட்ட குடு."

கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியண்ணன் வந்து சேர்ந்தார். வந்த கையோடு தம்பிக்கென்று ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். சொந்தக்காரி என்பதால் அவளை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். முதல் ஒரு மணி நேரத்திலேயே ரத்தப் பைகள் மூன்று தடவை உள்ளே போயின. நான்காவது தடவை கொண்டுபோன நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, கட்டியைப் பாதியில் விட்டு மூட வேண்டியதாகிவிட்டது என்றார் சர்ஜன். சொல்ல வேண்டியதை அவர் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்.

அவனை வெளியே கொண்டுபோன பின் அவள் உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தாள். யாரோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 5200. போன மாதம் இதே மாதிரி ஒரு கட்டி, அடைத்த மறுநாளே எடுத்தது. அன்றைக்கு அவள் எழுதியது 700.

உயிர் பிழைத்தது. கால்கள் போய்விட்டன.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியவர் சட்டைக் கையை மடித்து ஊசி போட்ட இடத்தைக் காட்டினார். "என் ரத்தம்தான் இப்ப அவன் உடம்புல ஓடுது." சின்னண்ணன் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவேளை நீங்க வந்தீங்க என்றான்.

"உங்க ரத்தம் துணியோட போயிடுச்சுண்ணா," என்றாள் அவள்.

"என்ன முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்ல."

சின்னண்ணனின் பாதத்திலிருந்து போர்வை நழுவியிருந்தது. இழுத்து மூடிவிட்டாள். அவன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை பட்டது அவனுக்குத் தெரியவில்லை.