பாண்டேஜி

செல்போன் ஒலித்தபோது முத்துமாரி, தைத்து முடித்த பைகளுக்குள் பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தாள். அப்படித் திணித்தால்தான் படம் எடுக்கும்போது பை வயிறு ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும். திரையில் ‘குட் மார்னிங் பாண்டேஜி’ என்று விழுந்திருந்தது. அவள் இரும்பு ஏணிப்பக்கம் திரும்பி மேலே குரல் கொடுத்தாள்.

“ஏட்டி பிரேமா, ஒங்கப்பாவுக்கு மெசேஜ் வந்துருக்கு.”

இசக்கிப்பாண்டி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஏமாற்ற வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. மூன்றாம் நாள், அம்பர்நாத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் தாராவியின் அந்தச் சின்ன வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ஆன்லைன் வியாபாரத் தளத்தில் ஒருவன் லேப்டாப் பை கேட்டு எழுதியிருந்தான். பதில் தாமதமானால் தளம் அவர்கள் பட்டறையைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும். அதற்குப் பயந்து பாண்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கையால் பதில் போடுவான். அன்று பிரேமலதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘எஸ் சார், அவைலபிள்’ என்று தட்டினாள். எழுதுவது யாரென்று எதிர்ப்பக்கம் கேட்கவில்லை. பிறகு பெயரை மாற்ற முடியுமா என்று அவள் விசாரித்துப் பார்த்தாள். புதிதாகப் பக்கம் தொடங்க வேண்டுமாம். பாண்டி இத்தனை வருடம் சேர்த்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் மனைவிக்கோ மகளுக்கோ வராது. நட்சத்திரம் இல்லாத பட்டறையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் பாண்டி அந்தத் தளத்தில் உயிரோடு இருந்தான். விலை சொன்னான், தோலின் நிறங்களைக் காட்டினான், பண்டிகைகளுக்கு வாழ்த்து அனுப்பினான்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. செம்பூரில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்குப் பாண்டி மாதிரிப் பைகளைச் சுமந்துகொண்டு போவான். பர்சேஸ் மேனேஜர் அனந்தநாராயணனின் அறைக்கு வெளியே பாதி நாள் உட்கார்ந்திருப்பான். அவர் தோலை வளைத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஜிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார், பிறகு விலையில் அடித்துப் பேசுவார். வருடத்துக்கு ஒருமுறை பட்டறைக்கே வந்து, ஏணியில் பயந்து பயந்து ஏறி, முத்துமாரி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவார். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த நாற்காலிக்கு ஸ்மிதா என்றொரு பெண் வந்தாள். அவளைப் பார்க்கப் போன பாண்டியைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தி, எல்லாம் ஆன்லைனில்தான் என்று திருப்பி அனுப்பினான். பாண்டி ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் நல்ல கேமரா உள்ள போன் ஒன்று வாங்கினான்.

ஸ்மிதா முதல் வார்த்தை எழுதும்போதே எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். இருபது பட்டறைகளின் விலையை ஒப்பிட்டிருப்பாள். யார் தாமதமாக அனுப்பினான், யாருடைய தையல் விட்டது என்றெல்லாம் படித்திருப்பாள். பாண்டி சொல்வதற்கு மிச்சமிருந்தது ‘ஓகே மேடம்’ மட்டும்தான். பக்கத்தில் ‘ஐ. பாண்டி’ என்றிருந்ததை அவள் பாண்டே என்று வடநாட்டுப் பெயராகப் படித்துக்கொண்டாள். அவன் திருத்தவில்லை.

“பாண்டேன்னு நெனச்சா ரெண்டு ஆர்டர் கூட வரும். கெடந்துட்டுப் போவட்டும்” என்று சிரித்தான்.

ஏணியில் இறங்கி வந்த பிரேமலதா ஸ்மிதாவின் செய்தியை முழுக்கப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது. வருடாந்திரக் கூட்டத்துக்கு இந்த முறையும் பைகள் வேண்டுமாம். ஆனால் தளத்தில் புது விதி. பெரிய ஆர்டர் என்றால் உரிமையாளர் வீடியோவில் வர வேண்டும், பட்டறையைக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை மதியம் வசதிப்படுமா என்று கேட்டிருந்தாள். வருடத்தில் பாதி நாள் அடுப்பெரிவது அந்த ஒரு ஆர்டரில்தான்.

யாரைக் கேட்பது என்று இருவருமே வாய்விட்டுப் பேசவில்லை. வியாழனன்று பாண்டியின் தம்பி சுடலைக்கண்ணன் அம்பர்நாத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்தான். அதே நெற்றி, அதே அகலமான தாடை. “மைனி, நாலு வார்த்த இந்தி தான, பாத்துக்கிடலாம்” என்றான். பிரேமலதா அப்பாவின் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவன் பாண்டியின் ஸ்டூலில் உட்கார்ந்தபோது, தையல் மெஷினில் இருந்த நாகூர் கனி ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். முத்துமாரி பைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே நின்றால் அந்தச் சட்டை போட்ட முதுகைப் பார்க்க வேண்டியதில்லை.

திரையில் ஸ்மிதா கண்ணாடி போட்டு, ஒல்லியாகத் தெரிந்தாள். இந்தியில் பேசினாள். எத்தனை மெஷின், எத்தனை ஆட்கள் என்று கேட்டாள். சுடலை சரளமாகச் சொன்னான். பிரேமலதா போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. அப்போது ஸ்மிதா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“பாண்டேஜி, இதை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அப்பா போனபோது எல்லோரும் ஒரே வரியைத்தான் அனுப்பினார்கள். நீங்கள் மட்டும் எழுதியிருந்தீர்கள், வீட்டில் ஆட்கள் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது, அவர்கள் போன பிறகு அவருடைய செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள் என்று. நான் அப்படியேதான் நின்றேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?”

சுடலை மைனியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்து, “ஹாங் ஜி, ஹாங் ஜி” என்று ஆமாம் போட்டுச் சிரித்து வைத்தான்.

போன் ஆடியது. பிரேமலதா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதை முத்துமாரி கண்டாள். ஏணிக்கடியில் கிடந்த பாண்டியின் செருப்பு காணாமல் போயிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஊர்க்காரர் யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தாள். மகள் அழுததை இந்த ஆறு மாதத்தில் அவள் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாளே பதில் போட உட்கார்ந்துவிட்டாள் என்று மனசுக்குள் குறைப்பட்டும் இருந்தாள். அழுகையை எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்திருக்கிறாள். அதற்கான நன்றியைச் சுடலை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருந்தான்.

முத்துமாரி முன்னால் வந்து போனைப் பிடுங்கினாள்.

“மேடம், யே வோ நஹி ஹை.” இவர் அவர் இல்லை என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

“அம்மா, வேண்டாம்மா” என்றாள் பிரேமலதா.

திரையில் அந்தப் பெண் அசையாமல் இருந்தாள். “நீங்க தமிழா?” என்றாள்.

“ஆமாம்மா, திருநவேலிப் பக்கம். அவிய பாண்டே இல்ல. இசக்கிப்பாண்டி. செத்துப் போயிட்டாவ.”

“எப்போ?”

“தீவாளிக்கு முந்தி.”

“எங்கப்பா போனது ஜனவரில. அப்போ எனக்கு எழுதினது...”

“எம்மவ.”

ஸ்மிதா கண்ணாடியைக் கழற்றினாள். “நானும் தமிழ்தான். மாட்டுங்கால இருக்கோம். இத்தனை வருஷமா இங்கிலீஷ்லயே எழுதிண்டிருந்திருக்கோம்.” திரையின் மூலையில் எதையோ பார்த்தாள். குரல் இறங்கியது. “இந்தக் கால் ரெக்கார்ட் ஆறது. நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. இன்னும் ரெண்டு நிமிஷம் சொல்லாம இருந்திருக்கப்படாதா?”

திரை அணைந்தது.

“நான் சமாளிச்சிருப்பேன், மைனி” என்று சொல்லிக்கொண்டே சுடலை சட்டையைக் கழற்றினான். மடித்து ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போனான்.

மறுநாள் ஸ்மிதா தன்னுடைய நம்பரிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் ரயில்வே ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது. “மாமி, நான் கம்பெனில மேல எழுதிப் பாத்தேன். புது பேர்னா மூணு வருஷ ரெக்கார்ட் கேக்கறா. என் கையில ஒண்ணும் இல்லை.” பிறகு, “உங்க பொண்ணு இருக்காளா?” என்றாள். பிரேமலதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “வெளிய போயிருக்கா” என்றாள் முத்துமாரி.

அந்த வாரமே தளம் பாண்டியின் பக்கத்தை மூடியது. பைகளின் படங்கள், யார் யாரோ எழுதிய பாராட்டுகள், அவன் தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதிய பதில்கள், அதன் கீழேயே அவன் பெயரில் மகள் எழுதியவை எல்லாம் போயின. “அந்தப் பொண்ணுக்கு என்னட்டி எழுதுன?” என்று முத்துமாரி கேட்டாள். “ஞாபகம் இல்ல” என்றாள் பிரேமலதா. செருப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. கையில் இருந்த சில்லறை வேலை தீர்ந்ததும் நாகூர் கனி தயங்கித் தயங்கி, அடுத்த சந்தில் ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார். “போங்க பாய், இதுல என்ன இருக்கு” என்று முத்துமாரியே அனுப்பி வைத்தாள். அவர் மெஷினைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமலதா புதுப் பக்கம் தொடங்க உட்கார்ந்தாள். உரிமையாளர் பெயர், முத்துமாரி. தொழிலில் அனுபவம் என்ற இடத்தில் வருடத்தைக் கேட்டது. உண்மையைப் போட்டால் நிரூபிக்கக் காகிதம் கேட்டது. பூஜ்யம் போட்டதும் அடுத்த கட்டத்துக்குப் போனது. உரிமையாளரின் படம் வேண்டும்.

பட்டறைக்குள் வெளிச்சம் போதவில்லை. இருவரும் சந்துக்கு வந்தார்கள். முத்துமாரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தகரச் சுவரை ஒட்டி நின்றாள். பிரேமலதா போனை உயர்த்தினாள். தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி இடையில் போனாள். அவள் கடந்ததும் பழைய பிளாஸ்டிக் மூட்டைகளை ஏற்றிய கைவண்டி வந்தது. அதற்கு வழிவிட்டு முத்துமாரி சுவரோடு ஒடுங்கி, மறுபடி முன்னால் வந்து நின்றாள்.

“சிரிக்கணுமாட்டி?”

“தெரியலம்மா. சும்மா இங்க பாரு.”

பின்னாலேயே இன்னொரு வண்டி மணியடித்தது. மகள் கையை இறக்காமல் காத்திருந்தாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வந்த கொஞ்ச வெளிச்சத்தில் முத்துமாரி முகத்தைத் தூக்கி, யாருக்கென்று தெரியாமல், போனில் இருந்த அந்தச் சின்னக் கண்ணாடிப் பொட்டைப் பார்த்தபடி நின்றாள்.