நானா, என்னையா?

1

இந்தக் கதை என் அத்தான்மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் படித்தவர். அதாவது, எதையும் கேட்காமலே தெரிந்துகொள்பவர்.

முதல் வரியாக, ‘பள்ளிக்கூட ஜன்னலில் மெல்லிய வெளிச்சம்...’ என்று எழுதினேன். வெளிச்சத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விடுங்கள்.

அக்காவுக்கு இரட்டைப் பெண்கள், ஆறு வயது. ஒருத்தி வாயாடி. இன்னொருத்தியை அழுத்தக்காரி என்போம். எது கேட்டாலும் தலையாட்டலோடு சரி. வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு மொழி.

2

பேச்சுப் பரிசோதகர் ஒருவர் பள்ளிக்கு வந்து இருவரையும் பள்ளி மொழியில் மட்டும் சோதித்தார். வாயாடி ஓயாமல் பேசினாள். காலம், ஒருமை, பன்மை எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். புது மொழிக்குள் நுழையும் எந்தக் குழந்தையும் உடைப்பதுதான். அழுத்தக்காரி நாலு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். தப்பே இல்லை. ஆகவே வாயாடிக்கு மொழிக் குறைபாடு, தனி வகுப்பு; அழுத்தக்காரி சமத்து. (இந்த அறிவுக்குச் சம்பளமும் உண்டு.)

இரண்டு மொழி குழப்புகிறது, இனி வீட்டில் தமிழே கூடாது என்று அத்தான் சட்டம் போட்டார். அக்காவுக்குப் பள்ளி மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். பெற்ற பிள்ளைகளிடம் கைஜாடையில் பேச ஆரம்பித்தாள்.

3

[இங்கே அத்தானுக்கு ஒரு நல்ல குணம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன்.]

ஒருநாள் இருவரும் மாடிப்படியில் உருண்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். யார் தள்ளியது என்று அத்தான் அதட்டினார். பயத்தில் அழுத்தக்காரிக்குத் தமிழ்தான் வந்தது.

“அவ நான் தள்ளிட்டான்.”

‘நான்’ என்றது மட்டும் அத்தான் காதில் விழுந்தது; தானே ஒத்துக்கொண்டாள் என்று அவளை மூலையில் நிறுத்தினார். வாயாடி அழுதுகொண்டே, தள்ளியது தான்தான் என்றாள்.

“அவளுக்கு ‘என்னை’ன்னு சொல்ல வராதுப்பா. எப்பவுமே வராது.”

அன்றைக்கு அக்கா சட்டத்தை மீறினாள். இருவரையும் உட்காரவைத்து, நடந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னாள். வாயாடியின் தமிழ் சுத்தமாக ஓடியது. மற்றவளிடம் நேற்றும் நாளையும் ஒன்றாகக் கிடந்தன. ஆண் பெண் மாறியது. சொல்லுக்குச் சொல் ஒட்டவில்லை. அவளுக்கு இருந்தது அழுத்தமே இல்லை. வரவில்லை, இரண்டு மொழியிலும்.

4

அக்கா பள்ளிக்குப் போய் இதைச் சொன்னதற்குப் பரிசோதகர், இவள் தப்பே செய்யவில்லையே என்றாராம். அக்கா தன் உடைந்த பள்ளி மொழியில் கேட்டாள்:

“பேசினாத்தானே தப்பு பண்றதுக்கு?”

கேட்டுவிட்டு நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசியில் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு மொழியிலும் சோதித்தார்கள். வாயாடி தனி வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். அழுத்தக்காரி உள்ளே போனாள். தமிழால் வந்த குறை இல்லை, வீட்டில் தாராளமாகப் பேசுங்கள் என்றார் பயிற்சியாளர். அதைத் தான் அப்போதே சொன்னதாக அத்தான் இப்போது சொல்லித் திரிகிறார்.

5

முடிவு. அழுத்தக்காரி ஒருநாள் பிழையே இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்ல, எல்லோர் கண்ணும்... எழுதிக் கிழித்தேன். அந்த மாதிரிக் கதைகள் அத்தானுக்குப் பிடிக்கும்.

நேற்று அவள் என்னிடம் வந்து, “சித்தி, அம்மா நான்...” என்று தொடங்கி நின்றாள். மீதியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். தயவுசெய்து அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.