தால்ஸிக்கு ரெண்டு

ரஷ்யக்காரியான ரயிசாவுக்கு, லாத்வியாவில் நாற்பது வருடம் வாழ்ந்தும், லாத்விய மொழி வாயில் வரவில்லை. பஸ்ஸில் பேசுவதெல்லாம் கணவர் குன்வால்திஸ்தான். இன்று முதன்முறையாகத் தனியே ஏறினாள். அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான லாத்விய வாக்கியம் தானாக வந்தது.

“தால்ஸிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க.”

“இன்னொரு ஆள் எங்கம்மா? வந்து சேர்ற வரைக்கும் வண்டி நிக்குமா?” என்று எரிந்து விழுந்தார் ஓட்டுநர்.

ஒரு டிக்கெட் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

ஓட்டுநரின் பார்வை அவள் கையிலிருந்த பூக்களுக்குப் போனது. ஆறு பூக்கள். உயிரோடிருப்பவருக்கு அந்த ஊரில் யாரும் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவதில்லை.

அவர் ஒரே ஒரு டிக்கெட்டை நீட்டினார்.

“கல்லறைத் தோட்டத்து வாசல்லயே நிறுத்துறேன். உக்காருங்கம்மா.”

அந்த வண்டிக்கு அங்கே நிறுத்தமே கிடையாது.