ஏழு பத்துக்குச் சொன்ன பதில்

என் மனைவி தேவயானி தன் செல்போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, நின்றபடியே காபி குடித்தாள். மணி ஐந்தேகால்.

"போனை அணைய வுடாதீங்க வாத்தியாரே. போலீஸ் வந்தா காய்ச்சல்னு சொல்லுங்க. போன தடவ மாதிரி வயித்துப்போக்குன்னு சொல்லித் தொலைக்காதீங்க. தெருவே வந்து விசாரிச்சிச்சி."

"பிரஷர் மாத்திர எடுத்துக்கினியா?"

"எடுத்துக்கினேன், எடுத்துக்கினேன்."

அன்று சித்தூர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் அங்கன்வாடிப் பெண்களின் மறியல். அந்த மாதிரி நாட்களில் அவளைப் போன்ற கட்சிக்காரர்களை விடிந்ததுமே வீட்டுக்காவலில் வைத்துவிடுவார்கள். போன் இருக்கும் இடத்தில்தான் ஆளும் இருப்பதாகப் போலீஸ் நம்பும். அதனால் அதை வீட்டில் விட்டுவிட்டு, இருட்டோடு புத்தூரிலிருந்து கிளம்பிவிடுவாள். தோழர்கள் யாரும் அந்த எண்ணுக்கு அழைக்கக் கூடாது. வாசலில் பொய் சொல்வது என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன்.

ஏழு பத்துக்கு கான்ஸ்டபிள் ரமணா வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"சார், மேடம் வூட்லதான் கீறாங்களா?"

"காய்ச்சல். தூங்கறா."

"நெஜமா சார்?"

"எழுப்பட்டுமா?"

"வாணாம், வாணாம். தூங்கட்டும்."

அவர் முகம் தெளிந்தது. ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு அவள் சித்தூர் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பதேகாலுக்கு அவள் போன் அடித்தது. அங்கன்வாடிச் சங்கத்துக் கன்னிகா.

"அண்ணா, அக்கா இன்னும் வர்லியே. கெளம்பிச்சா இல்லியா?"

விதியை மீறிக் கூப்பிடுகிறாள் என்றால்? போலீஸில் கேட்கலாம், கேட்டால் அவள் வீட்டில் இல்லாதது தெரிந்துவிடும். எங்காவது ஒளிந்திருந்தால் நானே காட்டிக்கொடுத்ததாகும். இப்படி யோசித்தே இருபது நிமிடம் போக்கினேன். பிறகு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரமணா எழுந்து நின்றுவிட்டார். "தூங்கறாங்கன்னு சொன்னீங்களே சார்! கார்வேட்டிநகரம் ரோட்ல ஒரு அம்மாவ லாரி அட்ச்சிட்டுதுன்னு காலைல தகவல். போன் இல்ல, பேர் தெரில. மேடம் மாதிரி கீதுன்னு சொன்னாங்கோ, அதான் ஓடியாந்தேன். உங்க பேச்ச கேட்டு நிம்மதியா பூட்டேன்."

அவரே தன் வண்டியில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். நாங்கள் சேர்வதற்கு அரை மணி முன்பு அவள் இறந்திருந்தாள். இரண்டு தடவை கண் திறந்து பார்த்தாளாம்.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக ஸ்டேஷனுக்குப் போனபோது அவள் இறந்த நாளின் பதிவேட்டைப் பார்த்தேன். தெலுங்கில் எழுதியிருந்தது: தேவயானி, காலை 7.10, வீட்டில் இருக்கிறார். அதை யாரும் திருத்தவில்லை.