மூலைக் கட்டைக்கு ஒரு பந்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு பவுலிங் அரங்கில் தம்பதிகளுக்கான போட்டி நடக்கும். லேனின் கடைசியில் பாட்டில் போல நிற்கும் பத்துக் கட்டைகளை நோக்கி ஒருவர் முதல் பந்தை உருட்ட வேண்டும். விழாமல் நிற்கும் மிச்சத்தை ஜோடியில் மற்றவர் இரண்டாவது பந்தால் வீழ்த்த வேண்டும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். அந்தச் சுற்றில் இரண்டாமவருக்கு வேலை இல்லை. மிச்சத்தை ஒழுங்காகத் துடைத்தெடுத்தால் ஸ்பேர்.

ஐந்து வருடமாக முதல் பந்து லிஃப்ட்காரருடையது. வேலை நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டு அலறினால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் அந்த அரங்கின் நட்சத்திரம். அவர் விடும் பந்து வலது ஓரமாகப் போகும். அவ்வளவுதான், லேனின் ஓரத்துப் பள்ளத்தில் விழப்போகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடிக்கும்போது, எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல் சட்டென்று இடப்பக்கம் திரும்பி நடுவில் போய்ப் புகும். கட்டைகள் சிதறும் சத்தம் அடங்குவதற்குள் அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருப்பார்.

மிச்சம் நிற்கும் ஒன்றையோ இரண்டையோ அவர் மனைவி எடுப்பாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலை சுற்றும். பவுலிங்கிலும் அவளுக்குப் பிசகு என்பது அபூர்வம். வருவாள், விடுவாள், கட்டை விழும், போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு ஞாயிறு வழக்கம்போல் அவர்கள் ஜெயித்தார்கள். அரங்கின் முதலாளி மைக்கைப் பிடித்து, "நம்ம வளைவு ராஜா! இன்னைக்கும் பின்னி எடுத்துட்டாரு! கூடவே அவங்க வீட்டம்மாவும்..." என்று இழுத்துவிட்டு, அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

காரில் திரும்பும்போது மனைவி சொன்னாள். "அடுத்த வாரத்துலேருந்து முதல் பந்த நான் போடுறேன். மிச்சத்த நீங்க எடுங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"என்னம்மா, அந்த மைக்கு விஷயமா? அவரு ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னாரு."

"மைக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பத்துக் கட்டையும் முழுசா என் முன்னாடி நிக்கிறதப் பாக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்காதா? அஞ்சு வருஷமா நான் பாத்ததெல்லாம் ஒத்தக் கட்டை, ரெட்டைக் கட்டைதான்."

"அதுக்கென்ன, போடு போடு," என்றார். மிச்சம் எடுப்பது ஒரு வேலையா, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம் என்பது அவர் நினைப்பு.

மறு ஞாயிறு அந்த நினைப்பில் மண் விழுந்தது. அவள் நேராகத்தான் விட்டாள். எட்டு விழுந்தது, ஏழு விழுந்தது, ஒன்பதுகூட விழுந்தது. ஆனால் பெரும்பாலும் மிச்சம் நின்றது வலது மூலையின் கடைசிக் கட்டை. அதற்கும் லிஃப்ட்காரரின் பந்துக்கும் ஏழாம் பொருத்தம். பந்து அதை நோக்கித்தான் போகும். கிட்டே போனதும், வேண்டாத சொந்தக்காரரைத் தெருவில் பார்த்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். இன்னும் வலப்பக்கம் தள்ளி விட்டுப் பார்த்தார். நேரே பள்ளத்தில் இறங்கியது. மொத்தம் ஆறு தடவை. கட்டை அசையாமல் நின்றபடி அவரைப் பார்த்தது.

பக்கத்து லேனில் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறவன். அவனும் அவன் மனைவியும் ஒரு ஜோடி. "மாமா, ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே வண்டியத் திருப்பிட்டீங்களே! பயணி பாவம், அங்கேயே நிக்கிறாரு பாருங்க," என்றான்.

"வாய மூடு மாப்ள."

அன்று அவர்கள் கடைசி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷூ சரியில்லை என்றார், லேன் சரியில்லை என்றார், ஏசிக் காற்று குறுக்கே அடித்தது என்றுகூடச் சொன்னார். ஏழு கிலோ பந்தை ஏசிக் காற்று தள்ளுமா என்று அவள் கேட்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், யூனிஃபார்மில் இருந்த கிரீஸ் கறையோடு, அவர் அரங்கின் மூலையில் இருக்கும் பந்துக் கடைக்குள் நுழைந்தார். பந்துகளில் விரல் துளை போட்டுக் கொடுக்கும் கடைக்காரரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பிடித்துப் பார்ப்பார் என்பதால் வந்த பட்டம்.

"வாங்க வாங்க! புதுசா ஒண்ணு வந்திருக்கு. பாம்பு மாதிரி வளையும்."

லிஃப்ட்காரர் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "நேராப் போறது வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

டாக்டர் மெதுவாகவே விளக்கினார். "உங்க பந்தோட மேல்தோல் இருக்கே, அது தரையப் பிடிக்கிற ஜாதி. லேன்ல முன்பக்கம் பாதிக்கும் மேல எண்ணெய் பூசியிருக்கு, கடைசியில காஞ்சு கிடக்கு. காஞ்ச இடம் வந்ததும் உங்க பந்து தரையக் கவ்விக்கிட்டுத் திரும்பிடும். பத்தும் நிக்கிறப்போ அதுதான் அழகு. மூலையில ஒண்ணு நிக்கிறப்போ அதுதான் வினை. மிச்சம் எடுக்க சாதா பிளாஸ்டிக் பந்து போதும். வழவழன்னு இருக்கும், எதையும் பிடிக்காது, விட்ட வழியே போகும்."

"அது சின்னப் பசங்க பந்து இல்ல?"

"உங்க வீட்டம்மா வச்சிருக்கிறது அதுதான்."

லிஃப்ட்காரர் அடங்கினார். டாக்டர் அவர் கட்டை விரலை அளந்துகொண்டே கேட்டார், "வலது மூலைக்கு அம்மா எங்க நின்னு விடுவாங்க? கிட்டத்தட்ட ஒரே உயரம் நீங்க ரெண்டு பேரும். அதே இடத்துல நின்னு பழகினா பாதி வேலை முடிஞ்சுது."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஐந்து வருடம், வாரா வாரம், எத்தனை நூறு தடவை அவள் அந்தக் கட்டையை எடுத்திருப்பாள்! யோசித்துப் பார்த்தார். கூட்டத்தின் முகங்கள் நினைவுக்கு வந்தன. மைத்துனன் கை தட்டியது வந்தது. தான் தண்ணீர் குடித்தது வந்தது. அவள் நின்ற இடம் வரவில்லை.

"இடப்பக்கமா... நடுவுலயா..."

"சரி விடுங்க. அவங்க பந்து மாதிரியே ஒண்ணு எடுத்துக் காட்டவா? என்ன நிறம் அது?"

"பச்சை," என்றார் லிஃப்ட்காரர், துணிந்து.

"கறுப்பும் சிவப்பும் சார். நான்தான் துளை போட்டேன்." டாக்டர் அளவு நாடாவைச் சுருட்டினார். "அம்மாகிட்டக் கேட்டுட்டு, சனிக்கிழமை காலையில வாங்க."

அன்று சாயங்காலம் அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என்ன வேணும்னு சொல்லுங்க. துண்டு பாவம்," என்றாள்.

"அந்த வலது மூலைக் கட்டை... நீ எங்க நின்னு போடுவ?"

அவள் மடிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு எப்போதோ தெரியும்போல. எழுந்து போய் ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து நடைவழியின் கடைசியில், வலது சுவரை ஒட்டி வைத்தாள். இந்தப் பக்கம் வந்து இடது சுவரோரம் நின்றாள்.

"இங்க. வலது மூலைக்கு இடப்பக்கம் நிக்கணும். குறுக்கா போகணும்."

"நேர் எதிர்ல நின்னா சுலபம்தானே?"

"நேர் எதிர்ல நின்னா பக்கத்துலயே பள்ளம். விரக்கடை தப்பினாலும் உள்ள போயிடும். குறுக்கா விட்டா லேன் முழுக்க உங்க இடம். கைய மட்டும் திருகாம விடணும். யாருக்கோ கை குடுக்கப் போற மாதிரி முன்னாடி நீட்டி விடுங்க."

"யாரு இதெல்லாம் சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. மொத மூணு மாசம் பள்ளத்துலதான் விட்டேன். அப்பல்லாம் நீங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்ததால யாருக்கும் தெரியல."

அவருக்குச் சுருக்கென்றது. ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து அவளிடம் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை பந்து எடுக்கப் போறேன். நீயும் வர்றியா?" என்றார்.

"வராம? நீங்க தனியாப் போனா பளபளன்னு எதையாவது தூக்கிட்டு வந்துடுவீங்க."

சனிக்கிழமை டாக்டர் பிளாஸ்டிக் பந்துகளை வரிசையாக எடுத்து வைத்தார். லிஃப்ட்காரரின் கண் நேராக ஒரு கன்னங்கரிய பந்தின் மேல் போய் நின்றது. பதினைந்து பவுண்டு. அவர் வழக்கமாக விடும் பந்தின் எடையும் அதேதான். விரலால் சுண்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"தர்பூசணியா வாங்குறீங்க? போட்டுப் பாருங்க," என்றாள் மனைவி.

டாக்டர் பழகிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த பந்துகளைக் கொடுத்தார். காலியாகக் கிடந்த ஒரு லேனில் வலது மூலைக் கட்டை மட்டும் நின்றது. பதினைந்து பவுண்டில் பத்துப் பந்து விட்டார், மூன்றுதான் பட்டது. அந்த எடையைக் கையில் வாங்கியதுமே மணிக்கட்டு பழைய நினைப்பில் திருகிக்கொண்டது. "பதினாலு குடுங்க," என்றாள் மனைவி. அவருக்கு அது இறக்கமாகப் பட்டது. ஆனாலும் விட்டார். முதல் இரண்டு தப்பின. மூன்றாவது குறுக்கே, சாதுவாக, எந்த வேலையும் காட்டாமல் போய்க் கட்டையை ஒரு தட்டு தட்டியது. பத்தில் ஏழு.

"பதினாலுதான்," என்றார் டாக்டர். "ஒரு பவுண்டு குறைஞ்சா மானம் போயிடாது. ஒத்தக் கட்டைய விழத்தட்ட அது தாராளம்."

"பதினாலுல கறுப்பு எடுங்க."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "பதினாலுல ஒண்ணுதான் இருக்கு." கீழ்த் தட்டிலிருந்து எடுத்து வைத்தார். கண்ணாடி போல ஊடே தெரியும் இளநீலப் பந்து. அதற்குள் ஒரு மஞ்சள் வாத்து பொம்மை.

மூன்று பேரும் வாத்தைப் பார்த்தார்கள்.

"வேற வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர், ஈனக் குரலில்.

"மூணு வாரம்."

மனைவி பந்தை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. முகத்துல ஒரு பொறுப்பு தெரியுது," என்றாள். அவள் சிரிப்பை அடக்குவது அவருக்குத் தெரிந்தது. அடக்க முடியாமல் அவரே முதலில் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் துளை போட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பையைத் திறந்ததும் மைத்துனன் ஓடி வந்தான். "மாமா! என்ன மாமா இது, முட்டை போடுமா?"

"பாத்துக்கிட்டே இரு."

முதல் சுற்றில் வலது மூலைக் கட்டை நின்றது. மொத்த அரங்கும் பார்க்கிறது என்ற நினைப்பில் அவர் மணிக்கட்டு திருகி, வாத்து பள்ளத்தில் இறங்கியது. மைத்துனன் பஸ் ஹாரன் மாதிரி ஊதிக் காட்டினான். அடுத்த தடவை அவர் இடது ஓரத்தில் நின்றார், யாருக்கோ கை கொடுக்கப் போவதுபோல நீட்டி விட்டார். வாத்து உள்ளே கரணம் போட்டுக்கொண்டே லேனைக் குறுக்கே கடந்து கட்டையைச் சாய்த்தது. சின்னச் சத்தம்தான். யாரும் எழுந்து நின்று கை தட்டவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த மனைவி, "ம்," என்று ஒரு தடவை தலையாட்டினாள். அது நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அவள் முதல் பந்து விடும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்தார். மூச்சை இழுத்துக்கொள்வாள். நாலடி நடப்பாள். கடைசி அடியில் இடது கால் வழுக்கிக்கொண்டு போகும். வலது கால் பின்னால் தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு இழுக்கும். பந்து போட்டது போலவே இருக்காது, கீழே இறக்கி வைத்தது போல இருக்கும். இது இத்தனை வருடமும் தன் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

எட்டாவது சுற்று. அவள் விட்ட பந்து முன்கட்டைக்குச் சற்று வலப்பக்கம் புகுந்தது. சரசரவென்று விழுந்தன. ஒன்று மட்டும் குடித்தவன்போல ஆடியது, யோசித்தது, பிறகு அதுவும் படுத்துக்கொண்டது. பத்தும்.

கையைத் தொங்கவிட்டபடி காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் வாத்தை அப்படியே இருக்கையில் போட்டுவிட்டு, "ஏம்மா! ஏம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி எண்ணெயில் கால் வைத்துவிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒலிக்கும் மணி அலறியது. அவர் தொபுக்கென்று உட்கார்ந்தார். அவரைத் தூக்கிவிட வந்த மனைவியும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அரங்கே சிரித்தது; முதலாளி ஓடி வந்து, "பெரியவங்களே இப்படிப் பண்ணினா எப்படிங்க!" என்று கையைப் பிடித்துத் தூக்கினார். மணி அடித்தது பந்து விட்ட பிறகுதான் என்பதால் ஸ்ட்ரைக் செல்லும் என்று முடிவானது.

ஆட்டத்தில் மைத்துனன் ஜோடியிடம் நாலு கட்டை வித்தியாசத்தில் தோற்றார்கள். அவன் பெருமையோடு எல்லாருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்தபோது அவர்கள் இருவரும் அவனைக் கவனிக்கவில்லை. மேஜையில் சர்க்கரைப் பொட்டலங்களைப் பத்துக் கட்டைகளாக அடுக்கி, எது எதை இடித்தது, எது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு, அந்த ஆடின கட்டைய எது தட்டிச்சு?" என்றார் லிஃப்ட்காரர்.

"அதத்தான் சொல்ல வர்றேன், அவசரப்படாதீங்க," என்று அவள் பொட்டலங்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள்.