பின்கண்ணாடியில் பதினைந்து வருடம்

வேதமுத்துவின் காருக்கு வருகிற வெள்ளிக்கிழமையோடு பதினைந்து வயது முடிகிறது. அதற்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஓட்டத் தகுந்த வண்டிதான் என்று எழுதி வாங்கினால் பதிவு இன்னும் ஐந்து வருடத்துக்கு நீளும்.

"ஒரே ஒரு தடவதான்ப்பா. பெயிலாச்சுன்னா வித்துருவோம். நீங்களும் அம்மாவும் ஆட்டோவுல போய்க்கிடுங்க" என்று பெங்களூரிலிருந்து மகன் சுபின் சொல்லிவிட்டான். வேதமுத்துவும் வீம்புக்குச் சரி என்றுவிட்டார். பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பெயில் என்ற சொல்லை அடுத்தவர்களுக்குச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

தச்சநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் மதார் நான்கு நாள் மெனக்கெட்டு பிரேக், விளக்கு எல்லாம் சரிசெய்தான். மார்க்கெட்டில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று வேதமுத்து மடக்கியே வைத்திருந்த பக்கக் கண்ணாடிகளையும் விரித்துவிட்டான். பிறகு வண்டியின் பின்னால் போய் நின்று தலையைச் சொறிந்தான்.

"இந்தக் கண்ணாடிதான் யோசனையா இருக்கு, சார்வாள்."

"அதுக்கென்னலே? ஒரு கீறல் கெடையாது."

கீறல் இருந்தாலும் தெரிந்திருக்காது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் அந்த வருடத்து வாக்குத்தத்தமான பைபிள் வசனத்தை ஸ்டிக்கராக ஆலயத்தில் தருவார்கள். மற்றவர்கள் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். வேதமுத்து பின்கண்ணாடியில் பழையதின் பக்கத்திலேயே ஒட்டுவார். ஆண்டவர் கொடுத்த வாக்கு டிசம்பரோடு காலாவதியாகிவிடுமா என்பது அவர் கட்சி. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை ஆகிவிட்டது. வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் மனைவி கிரேஸ் இறங்கி நின்று கை காட்ட வேண்டும். ஓடும்போது பின்னால் யாராவது ஆரன் அடித்தால், வேதமுத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவார்.

"பழைய பையன் எவனோ. வாத்தியார் காரப் பாத்ததும் வணக்கம் வைக்கான்" என்பார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். கிரேஸும் மறுத்துப் பேசியதில்லை.

வியாழக்கிழமை காலை, கிரேஸும் மதாரும் கூட வர, வேதமுத்து வண்டியை அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆய்வாளர் முத்துராணி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். விளக்குகளைப் போடச் சொன்னார். எஞ்சின் எண்ணைச் சரிபார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் வண்டியின் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"சார், இதுல பின்னாடி ஒண்ணுமே தெரியாதே?"

"நான் முன்னாலதானம்மா போறேன்" என்றார் வேதமுத்து. அது எடுபடவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்து, "ஆமா, நீ எந்த ஸ்கூலு?" என்று கேட்டார்.

"மதுரை சார்."

வேதமுத்துவின் கையில் வேறு ஆயுதம் இல்லை.

"ஒரு மணிக்குள்ள இதெல்லாம் உரிச்சுட்டு வாங்க, பாஸ் போடுறேன். இல்லன்னா பெயில்னுதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு முத்துராணி அடுத்த வண்டிக்குப் போனார்.

வேப்ப மரத்தடிக்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். மதார் ஒரு பிளேடை எடுத்து வேதமுத்துவிடம் நீட்டிவிட்டு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டான். "எஞ்சினக் கழட்டச் சொல்லுங்க, கழட்டுதேன். சாமி வசனத்துல கை வைக்க மாட்டேன். எங்க வாப்பா காதுக்குப் போச்சுன்னா உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ."

வேதமுத்து பிளேடைக் கண்ணாடியருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். பன்னிரண்டே கால் ஆகிவிட்டது.

கிரேஸ் காரிலிருந்து இறங்கினாள். "இங்கன தாங்க அத" என்று பிளேடை வாங்கிக்கொண்டாள். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. என்ன வசனம், சொல்லுங்க பாப்போம். சரியாச் சொன்னது கண்ணாடியிலயே இருக்கட்டும்."

வேதமுத்து கழுத்தை நீட்டினார். கிரேஸ் முந்தானையால் ஸ்டிக்கரை மறைத்தாள். "காப்பியடிக்கக் கூடாது."

"அந்த வருசந்தான மாடியில ரூம் கட்டுனோம்?"

"கட்டுனோம். நான் கேட்டது வசனத்த."

வேதமுத்து வேப்ப மரத்தைப் பார்த்தார். பிளேடு சர்ரென்று இறங்கியது.

"பதினாலு?"

"பர்வதம்னு ஒரு எடத்துல வரும்."

"அரை மார்க்கு" என்று அதையும் உரித்தாள்.

"ரெண்டாயிரத்து இருவது?"

"கொரோனா. அந்த வருசம் காரே ஷெட்ட விட்டு நகரல. அத யாரு படிச்சா?"

மதார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். இப்படியே பதினான்கும் போயின. மிச்சமிருந்தது இந்த வருடத்து ஸ்டிக்கர் ஒன்றுதான். வேதமுத்து கண்ணை இறுக மூடி, கையைக் கட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறி, அதை முழுசாக ஒப்பித்துவிட்டார்.

"பாஸ்" என்றாள் கிரேஸ், வருத்தத்தோடு.

நல்லவேளை, அது கீழ்வரிசையின் ஓர மூலையில் இருந்தது. முத்துராணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். மூலை ஸ்டிக்கரையும் பார்த்தார். "ஒண்ணோட நிறுத்திக்கங்க சார்" என்று கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

வேதமுத்து அங்கிருந்தே சுபினுக்குப் போன் செய்து, "அஞ்சு வருசம்லே!" என்று மட்டும் சொல்லி வைத்தார். மதார் தன் பைக்கில் பட்டறைக்குக் கிளம்ப, இவர்கள் வீட்டைப் பார்த்துப் பைய ஊர்ந்து வந்தார்கள்.

வண்ணார்பேட்டை தாண்டியதும் பின்னால் நீளமாக ஓர் ஆரன். வேதமுத்து கையை வெளியே நீட்டி ஆட்டினார். அப்போதுதான் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண் போயிற்று. ஒரு டவுன் பஸ். அதன் பின்னால் இரண்டு லாரி, நாலைந்து ஆட்டோ, ஒரு பால் வண்டி, அப்புறம் வளைவு வரைக்கும் வரிசை.

"கிரேஸு, பின்னால என்ன ஊர்வலம்?"

"நம்ம ஊர்வலந்தான். நமக்குப் பின்னாலதான் வாராவ."

"எப்பருந்து?"

"பதினஞ்சு வருசமா. நீங்க சந்தோசமாக் கை காட்டுதியளேன்னு விட்டுட்டேன்."

நீட்டிய கையை வேதமுத்து உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்தினார். பஸ் கடந்து போகும்போது ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "ரொம்ப நன்றி சார்!" என்று பெரிய கும்பிடாகப் போட்டார்.

வேதமுத்துவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நம்ம பையன்தான்."